லிஃப்ட் பேச்சு

என் தங்கச்சி புருஷனைப் பற்றி எழுதுவதென்றால் நல்லதிலிருந்துதான் தொடங்க வேண்டும். கோபம் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். அதற்கு நான் மெனக்கெட வேண்டியதில்லை.

எனக்கு அவன் மாப்பிள்ளை, அவனுக்கு நான் மச்சான், கம்பெனிக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வண்டி. லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், வண்டியைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒரு வண்டிக்கு இரண்டு பேர். ஒருவன் மேலே மிஷின் ரூமுக்குப் போவான், இன்னொருவன் கீழே கதவடியில் நிற்பான். மேலே போகிறவனுக்குக் கை வேண்டும், கதவடியில் நிற்கிறவனுக்கு வாய் வேண்டும். எங்கள் வண்டியில் கை என்னுடையது, வாய் அவனுடையது.

அந்த வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். லிஃப்ட் பாதியில் நின்று ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால், வெளியிலிருந்து கேட்கிற முதல் குரல்தான் பாதி மருந்து. மாப்பிள்ளை கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொல்வான்: "லிஃப்ட் ஆளுங்க வந்துட்டோம். உள்ள எத்தனை பேரு இருக்கீங்க? யாருக்காவது முடியலையா? நல்லா மூச்சு விடுங்க, காத்து வந்துக்கிட்டேதான் இருக்கு." அவ்வளவுதான். அழுதுகொண்டிருப்பவர்கள் அடங்கிவிடுவார்கள். ஒரு தடவை ஒரு சின்னப் பெண் தனியாக மாட்டிக்கொண்டாள். கையில் இருக்கிற பொம்மைக்கு என்ன பெயர், அதற்கு எத்தனை பல் என்று இவன் வெளியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான். நான் லிஃப்டை இறக்கி முடித்து, கதவு திறந்ததும், இன்னொரு தடவை நிறுத்த முடியுமா என்று கேட்டாள் அவள்.

என் தங்கச்சியும் அப்படி மாட்டினவள்தான். அவள் வேலை பார்த்த துணிக்கடையில் லிஃப்ட் நின்றுவிட்டது, வந்தது எங்கள் வண்டி. நான் மேலே வியர்த்து விறுவிறுத்து சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தபோது அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாளாம். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அண்ணன்காரன் தன் கையாலேயே தங்கச்சியைப் பத்திரமாக இறக்கிக் கொடுத்த கல்யாணம் என்று சொந்தக்காரர்கள் இன்னும் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். நானும் சிரித்திருக்கிறேன். நல்லவன்தான் அவன். குடி இல்லை, வம்பு இல்லை. பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே விசில் அடித்து நர்ஸிடம் திட்டு வாங்கினான்.

பிறகு ஒரு நாள் அவனுக்குச் சிங்கம் பிடித்தது.

எங்கள் வேலையில் ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவே வண்டியில் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம் உண்டு. நான் தூங்குவேன், அவன் போன் பார்ப்பான். அதில் ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான்: "நீ இன்னும் சம்பளத்துக்குக் காத்திருக்கும் அடிமையா?" ஆமாம், அதற்கென்ன இப்போது என்று நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன். மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். கத்துகிறவனுக்கு 'வழிகாட்டி' என்று பட்டம். அவன் நடத்துகிற குழுவுக்குச் 'சிங்கக் கூட்டம்' என்று பெயர். ஆயிரக்கணக்கான பேர் அதில். ஒருவரையொருவர் சிங்கமே, சிங்கமே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இத்தனை சிங்கம் ஒரே இடத்தில் இருந்தால் இரைக்கு எங்கே போவார்கள் என்று நான் கேட்டேன். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் ஆபத்தில்லாத பைத்தியம்தான். விடிவதற்கு முன்னால் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்தான். தங்கச்சி என்னிடம் வந்து புலம்பினாள்.

"அண்ணா, கண்ணாடி முன்னால நின்னு 'நான் வெல்வேன், நான் வெல்வேன்'னு கத்துறாரு. பாப்பா பயந்து எழுந்து அழுவுறா. கேட்டா, காலையில கத்தாதவன் வாழ்க்கையில கதறுவான்னு சொல்றாரு."

"யாரு சொன்னதாம்?"

"வழிகாட்டியாம். அவருக்கு இந்த வீட்டுல யாரு வழி கேட்டாங்கன்னு தெரியல."

அவன் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிற நேரத்தில் அவன் போனை வாங்கி வைத்துக்கொண்டு அந்தக் குழுவை நான் படித்திருக்கிறேன். திருட்டுத்தனமாக இல்லை, அவனே கொடுத்தான். நான் திருந்துவேன் என்று நினைத்தான். ஒருவன் எழுதியிருந்தான்: அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, கையில் நிரந்தர வேலை இருக்கிறது, ஆனால் சொந்தத் தொழில் தொடங்க ஆசை, என்ன செய்யட்டும்? அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான பதில். குதி. பாய். பயம் ஒரு பொய். விழும்போது சிறகு முளைக்கும். எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தேன். அம்மாவுக்கு என்ன நோய் என்று ஒரு பயல் கேட்கவில்லை.

குதிக்கச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் குதித்தவர்கள் என்றும் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் எங்களைப் போலத்தான், எங்கேயோ ஒரு கடையிலோ ஆபீசிலோ சம்பளத்துக்கு உட்கார்ந்துகொண்டு, வேலை நேரத்தில் அடுத்தவனைக் கூரையிலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். தள்ளுவதற்குத் தைரியம் தேவையில்லை. விழுந்து எலும்பு முறிகிறவன் வேறு ஒருவன்தானே.

அவர்களுக்கென்று ஒரு அகராதியே இருந்தது. வேலை என்றால் கூண்டு. கேள்வி கேட்டால் எதிர்மறை. வீட்டில் யோசித்துச் செய் என்று சொல்கிற மனிதர்கள் எல்லாரும் நங்கூரம். 'இன்று ஒரு நங்கூரத்தை அறுத்தேன்' என்று ஒருவன் போட்டிருந்தான். கூடப் பிறந்த அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டானாம். அதற்குக் கைதட்டல் படங்கள் மழையாகக் கொட்டியிருந்தன. மாப்பிள்ளையும் தன் நங்கூரங்களைப் பற்றி எழுதியிருந்தான். 'என் மச்சான் ஒரு நங்கூரம். ஆனால் ஒரே வண்டியில் வேலை, என்ன செய்வது?' என்று ஒரு அழுகை முகம். நான் போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"ஏன் மாப்ள, நங்கூரத்த அறுக்கணும்னா மொதல்ல நீ கப்பல்ல இருக்கணும். நீ இருக்கிறது லிஃப்ட் குழியில."

"இதான் மச்சான் உன்கிட்ட பிரச்சனை. எதையும் பெருசா யோசிக்க மாட்டேங்கிற."

அவன் பெரிதாக யோசித்தது என்னவென்றால், ஒரு செயலி. லிஃப்ட் கெட்டுப்போனால் போனில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், பக்கத்தில் இருக்கிற மெக்கானிக் ஓடி வருவான். அதற்கு அவன் வைத்த பெயர் 'மேலே'. கீழே போகிறவன் எதை அழுத்துவான் என்று கேட்டேன். தங்கச்சி சமையலறையிலிருந்து சிரித்துவிட்டாள். அன்று முழுக்க அவன் எங்கள் இரண்டு பேரிடமும் பேசவில்லை. சும்மா சொல்லக் கூடாது, யோசனை ஒன்றும் மட்டமில்லை. பொறுமையாக நாலு பேரைக் கேட்டு, நாலு வீட்டில் செய்து பார்த்திருந்தால் ஏதாவது ஆகியிருக்கும். ஆனால் பொறுமை என்பது அந்தக் குழுவில் கெட்ட வார்த்தை.

வழிகாட்டி அவர்களுக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தான். அதன் பெயர் லிஃப்ட் பேச்சு. ஒரு பெரிய முதலீட்டாளரோடு நீ தற்செயலாக லிஃப்டில் ஏறுகிறாய். அவர் இறங்குவதற்குள் உன் கனவை முழுவதும் சொல்லி முடிக்க வேண்டும். எல்லாச் சிங்கங்களும் அதை எழுதி, பேசிப் பார்த்து, குழுவில் போட வேண்டும். இதைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் வாழ்நாள் முழுக்க லிஃப்டோடுதான் கழிந்திருக்கிறது. லிஃப்டுக்குள் மனிதர்கள் பேசிக்கொள்ளமாட்டார்கள். கதவுக்கு மேலே மாறுகிற எண்ணைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் செருப்பைப் பார்ப்பார்கள். எப்போது இறங்குவோம் என்று காத்திருக்கிற ஒரு ஆளிடம் போய்க் கனவைச் சொல்வதாம்!

ஆனால் மாப்பிள்ளைக்கு அது தனக்காகவே சொன்ன மாதிரி இருந்தது. குழிக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டே பேசிப் பார்த்தான். "ஐயா, உங்க நேரம் பொன்னானது" என்று தொடங்கும். நாளைக்கு நாற்பது தடவை அதைக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

நாங்கள் பராமரிக்கிற கட்டடங்களில் கண்ணாடி போட்ட உயரமான ஆபீஸ் கட்டடம் ஒன்று. அதன் உச்சி மாடியில் புதுத் தொழில்களுக்குப் பணம் போடுகிற கம்பெனி. அதன் தலைவரை எல்லாரும் பெரியவர் என்பார்கள். காரிலிருந்து இறங்கினால் லிஃப்ட், லிஃப்டிலிருந்து இறங்கினால் அறை. வழியில் யாரும் அவரைப் பிடிக்க முடியாது. மாப்பிள்ளை இதைக் குழுவில் எழுதினான். நான் லிஃப்ட் மெக்கானிக், அவர் வந்து போகிற லிஃப்ட் என் பொறுப்பில் இருக்கிறது, அவரை எப்படிச் சந்திப்பது?

சிங்கங்களுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. 'சிங்கமே, லிஃப்டே உன்னுடையது!' 'அவர் ஏறியதும் நிறுத்து. பேசு. பிறகு திற.' 'எங்களுக்கெல்லாம் லிஃப்ட் பேச்சு கற்பனை, உனக்கு நிஜம்!' 'நிறுத்து! நிறுத்து! நிறுத்து!' அவன் அதை எனக்குக் காட்டிச் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது.

"மாப்ள, இத விளையாட்டுக்குக்கூடச் சொல்லாத. ஆளுங்க உசுரோட சமாச்சாரம்."

"சும்மா தமாஷ் மச்சான். நான் நிறுத்துவேனா?"

நிறுத்தமாட்டான். அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அவன் நிறுத்தவும் இல்லை. இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு ஊரே நம்பாமல் போனது.

அது நடந்த அன்று நல்ல மழை. அதே கட்டடத்தில் இன்னொரு லிஃப்டின் மாதாந்தர வேலைக்காக நாங்கள் அடித்தளத்தில் இருந்தோம். கரண்ட் ஒரு கணம் போய் வந்தது. எங்கள் தலைக்கு மேலிருந்த விளக்கும் அணைந்து எரிந்தது. காவலாளி ஓடி வந்தார். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது, பெரியவர் உள்ளே இருக்கிறார் என்றார். நான் மிஷின் ரூமுக்கு ஓடினேன், மாப்பிள்ளை கதவடிக்கு ஓடினான்.

நாங்கள் வேலை செய்கிற முறையைச் சொன்னால்தான் அவன் செய்தது விளங்கும். மேலே நான் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பிரேக்கை நெம்புகோலால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு லிஃப்டை மாடிக்குச் சமமாகக் கொண்டுவர வேண்டும். ஆனால் மேலேயிருந்து எனக்கு எதுவும் தெரியாது. உள்ளே யாராவது பயத்தில் கதவை விரித்துக் கையையோ காலையோ நீட்டிக்கொண்டிருந்தால், நான் லிஃப்டை அசைப்பது கொலை. அதனால் கதவடியில் இருப்பவன் உள்ளே விசாரித்துவிட்டு, "விடலாம்" என்று வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை வராமல் நான் பிரேக்கைத் தொடக் கூடாது. எத்தனையோ வருஷமாக அவன் சொன்ன அந்த வார்த்தையை நம்பித்தான் நான் மனிதர்களை இறக்கியிருக்கிறேன்.

அன்று வார்த்தை வரவில்லை.

"மாப்ள, விடலாமா?"

"ஒரு நிமிஷம் மச்சான்."

நெம்புகோலைப் பிடித்தபடி நின்றேன். மறுபடி கேட்டேன். "இரு, இரு" என்றான். யாருக்கோ கை மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். யாரோ மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். மழைச் சத்தம்தான் கேட்டது. கத்தினேன், பதில் இல்லை. எந்த நேரமும் 'விடலாம்' வரலாம் என்பதால் இறங்கி ஓடவும் முடியாது. கடைசியில் "விடலாம் மச்சான்" என்று குரல் வந்தபோது அதில் ஒரு துள்ளல் இருந்தது. அந்தத் துள்ளல் எனக்குப் புரியவில்லை.

லிஃப்டைச் சமமாக்கிவிட்டுப் படிகளில் தாவி இறங்கினேன். பெரியவர் அதற்குள் போய்விட்டார். லிஃப்டின் உள்மூலையில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம். முகமெல்லாம் வியர்வை. வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். காவலாளி அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அங்கே கணக்குப் பிரிவில் வேலை செய்கிற பெண் என்று பிறகு தெரிந்தது. மாப்பிள்ளை கதவுச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதி முடித்தவன் மாதிரி நின்றிருந்தான்.

"முழுசாப் பேசிட்டேன் மச்சான்! ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும். அவரு குறுக்கப் பேசவே இல்ல."

எனக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. விளங்கியபோது அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"என்னை மேல நிக்க வெச்சுட்டு நீ இங்க லிஃப்ட் பேச்சா பேசிக்கிட்டிருந்த? உள்ள எத்தனை பேருன்னு கேட்டியாடா?"

அவன் அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்ப்பதுபோல் திரும்பினான். "அவரு மட்டும்தான்னு நெனச்சேன்" என்றான். குரல் இறங்கிவிட்டது. நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, நாற்காலியில் உட்காரவைத்து, அவள் கூட வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டுவிட்டேன்.

அதோடு முடிந்திருக்கும். பெரியவர் புகார் செய்யவில்லை. அவருக்கு இவன் பேசியதே ஞாபகம் இருந்திருக்காது. வெளியே எவனோ உளறுகிறான் என்று நினைத்திருப்பார். இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்துவிட்டு நானும் ஆறிப்போயிருப்பேன். ஆனால் சிங்கம் கர்ஜிக்காமல் இருக்குமா?

எங்கள் மேனேஜர் என்னையும் அவனையும் கூப்பிட்டு மேஜைமேல் ஒரு போனை வைத்தார். மாப்பிள்ளை எழுதியது திறந்திருந்தது. 'வாய்ப்பு வரும் என்று காத்திருப்பவன் ஆடு. வாய்ப்பை உருவாக்குபவன் சிங்கம். இன்று ஒரு கோடீஸ்வரரின் லிஃப்டை நான் நிறுத்தினேன். அவருக்கு வேறு வழியில்லை, என் கனவைக் கேட்டார்.' கீழே கைதட்டல் எண்ண முடியாமல் போய்க்கொண்டிருந்தது. வழிகாட்டி அதை எடுத்து வெளியுலகத்துக்கெல்லாம் பரப்பியிருந்தான். மேலே ஒரே ஒரு வரி: 'இதுதான் பசி.' அவன் கன்னத்தைப் படத்தில் பார்த்தேன். பசி பார்த்த கன்னம் இல்லை அது.

அந்த வரி எங்கெங்கோ சுற்றி, கட்டடத்துக்காரர்கள் கண்ணில் பட்டு, அந்தப் பெண் கண்ணிலும் பட்டுவிட்டது. தன்னை வேண்டுமென்றே அடைத்துவைத்தார்கள் என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். விசாரணையில் அது உறுதியானால் வேலை போவது மட்டுமில்லை, போலீஸ்தான் என்றார் மேனேஜர்.

வண்டியில் ஏறியதும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"நிறுத்தினியா?"

"இல்ல மச்சான். கரண்ட்தான். நீயும்தான பாத்த."

"அப்புறம் எதுக்குடா நிறுத்தினேன்னு எழுதின?"

விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மொதல்ல உள்ளபடிதான் எழுதினேன். லிஃப்ட் தானா நின்னுச்சு, நான் பேசினேன்னு. நாலு பேருதான் கை தட்டினாங்க. ஒருத்தன், இது அதிர்ஷ்டம், இதுல உன் முயற்சி எங்கன்னு கேட்டான். அழிச்சுட்டு மறுபடி எழுதினேன்."

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஸ்டியரிங்கை ஓங்கி அடித்ததில் ஹாரன் அலறி, தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகம் தெரியாத எவனோ எங்கேயோ இருந்துகொண்டு இன்னொரு தடவை கை தட்ட வேண்டும் என்பதற்காக, செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று எழுதிய முட்டாளை உலகத்தில் எங்கே போய்த் தேடுவது? தேட வேண்டியதில்லை. என் பக்கத்துச் சீட்டில் இருந்தான்.

"விசாரணையில உண்மையச் சொல்லு."

"சொல்லலாம். ஆனா அங்க என்னை என்ன நெனப்பாங்க?"

"எங்க? கம்பெனியிலயா?"

"கூட்டத்துல."

சத்தியமாக அப்படித்தான் சொன்னான். வழிகாட்டி அவனுக்குத் தனியாகச் செய்தி வேறு அனுப்பியிருந்தான். உறுதியாக நில், பின்வாங்காதே, சிறை பார்க்காத சாதனையாளர் இல்லை என்று. போலீஸ் வந்தால் ஜாமீனுக்கு அந்த வழிகாட்டி வருவானா என்று கேட்டேன். வீட்டில் தங்கச்சி அழவில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் முகத்துக்கு நேராக நின்று கேட்டாள்.

"நீங்க உள்ள போனா எனக்கும் இவளுக்கும் யாரு கை தட்டுவாங்க? சொல்லுங்க, அவங்க பேரையாவது தெரிஞ்சு வெச்சுக்கறேன்."

அதற்குப் பிறகுதான் உண்மையைச் சொல்கிறேன் என்றான்.

விசாரணை எங்கள் ஆபீஸின் நீள மேஜை அறையில். மேனேஜர், கட்டடத்தின் நிர்வாகி, அந்தப் பெண். மேஜையின் இந்தப் பக்கம் அவனும், அவன் வண்டிக் கூட்டாளி என்ற முறையில் நானும். அவன் ஒளிக்காமல் சொன்னான். நான் நிறுத்தவில்லை, பெருமைக்காகப் பொய் எழுதினேன், கதவுக்கு வெளியே நின்று பேசியது மட்டும் நிஜம், தப்புதான். கரண்ட் போனதை நானும் சொன்னேன், காவலாளியும் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் கட்டடம் முழுக்கவே விளக்கு அணைந்ததாக நிர்வாகியும் ஒப்புக்கொண்டார்.

மேனேஜர் முகத்தில் தெளிவு வந்தது. அவருக்கும் இவனை விட மனமில்லை. கதவடியில் இவனை மாதிரி இன்னொரு வாய் கம்பெனியில் கிடையாது என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நாள் சம்பளம் இல்லாமல் வீட்டில் இரு, அந்தக் கருமத்தை அழித்துத் தொலை, இந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேள் என்றார். மாப்பிள்ளை எழுந்து கை கூப்பி மன்னிப்புக் கேட்டான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று மேனேஜர் அந்தப் பெண்ணைக் கேட்டார்.

அவள் அதுவரை கையிலிருந்த பையின் வாரையே திருகிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"நீங்க நிறுத்தலைன்னு சொல்றீங்க, நம்புறேன். உள்ள இருக்கிறது அந்தப் பெரியவரு மட்டும்னு நெனச்சேன்னும் சொன்னீங்களாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் கதவத் தட்டி, 'அண்ணா, மூச்சு முட்டுது, தொறங்க'ன்னு சொன்னேன். மூணு தடவை சொன்னேன். அது உங்களுக்குக் கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது கனமான எஃகுக் கதவு, வெளியே மழை. யாரும் அவனை மறுத்திருக்க முடியாது. நான் அவன் தொடையை மேஜைக்கு அடியில் அழுத்தினேன். கேட்கலைன்னு சொல்லுடா என்றுதான் அழுத்தினேன், அதை மறைக்கவில்லை.

அவன் என் கையை எடுத்துவிட்டான்.

"கேட்டுச்சும்மா" என்றான். "மொத தடவையே கேட்டுச்சு. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, சொல்லி முடிச்சிடலாம்னு..."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள். பிறகு மேனேஜர் கையை நீட்டினார். அவர் எதைக் கேட்கிறார் என்று இவனுக்கும் எனக்கும் தெரியும். லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கிற சாவியைக் கம்பெனி நம்புகிறவன் கையில்தான் கொடுக்கும். மாப்பிள்ளை இடுப்பு வளையத்திலிருந்து அதைக் கழற்றி அவர் கையில் வைத்தான். நான் அவனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

வண்டியில்தான் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கொஞ்ச தூரத்தில் அவன் போன் டிங், டிங் என்று அடிக்கத் தொடங்கியது. வேலை போய்விட்டது என்று வெளியே வரும்போதே குழுவில் ஒரு வரி எழுதியிருக்கிறான். பழக்க தோஷம். பதில்கள் குவிந்துகொண்டிருந்தன. வாழ்த்துகள் சிங்கமே. கூண்டு உடைந்தது. இனி வானமே எல்லை. கைதட்டல், கைதட்டல், கைதட்டல். அந்தப் போனைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிடலாமா என்று தோன்றியது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு போனை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்தான். நான் நிறுத்தியதைக்கூட அவன் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"மச்சான், அந்தக் குரலு கேட்டுக்கிட்டே இருக்கு மச்சான். அன்னிலேர்ந்து. காலையில கத்துறேனே, இப்பல்லாம் அது அடங்கணும்னுதான் கத்துறேன்."

அவன் அழுதான். தோளில் கை வைத்து ஆறுதல் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. என் தங்கச்சி புருஷன், என்னோடு பாதி வாழ்க்கை ஒரே வண்டியில் வந்தவன். ஆனால் எனக்கு அந்தப் பெண் மூலையில் உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கியதுதான் கண்ணுக்குள் நின்றது.

"கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.